ஜெனரேட்டர் எங்கே நிற்கிறது?

திசையன்விளை
2.9.2024

மச்சானுக்கு ஸலாம்.

போனில் பேசவேண்டாம் என்று நான் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. நேற்று மட்டும் ஏழு முறை கூப்பிட்டிருக்கிறீர்கள். எடுத்தால் நீங்கள் ஒன்று சொல்வீர்கள், நான் இரண்டு சொல்வேன், அடுப்படியில் உம்மா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. கோபத்தில் எழுதியதைக் கிழித்துப்போட்டுவிட்டு வேறு தாள் எடுக்கலாம். இது நான்காவது தாள்.

ஆகஸ்ட் பதினேழாம் தேதி நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. மாதப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. பிள்ளைக்கு நூற்றிரண்டு காய்ச்சல். அந்தக் கிழட்டு இன்வெர்ட்டரில் அவள் தலைக்கு மேல் ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நான் கஞ்சி எடுத்துவர அடுப்படிக்குப் போன நேரத்தில் நீங்கள் அதை நிறுத்திவிட்டு மீன்தொட்டி மோட்டாரைச் சொருகினீர்கள். திரும்பி வந்து பார்த்தால் பிள்ளை வேர்வையில் ஊறிக் கிடக்கிறாள், நீங்கள் தொட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறீர்கள். கேட்டதற்கு, "காமணி நேரந்தான ரைஹானத்" என்றீர்கள்.

ஷம்ஸியாவுக்கு நாலு வயதுதான். ஆனாலும் இங்கே வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "வாப்பா எனக்குக் காத்து தரல, மீனுக்குத்தான் குடுத்தாங்க" என்று சொல்லுகிறாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

கரண்ட் போனால் பிள்ளையின் ஃபேனும் உங்கள் மீனின் மோட்டாரும் சேர்ந்து ஓடுகிற வீடாக அதை ஆக்குங்கள். அன்று வருகிறோம். அதுவரை தபால்தான்.

ரைஹானத்


பேட்டை
6.9.2024

அன்பு ரைஹானத்துக்கு யஹ்யாவின் ஸலாம்.

கடிதம் கிடைத்தது. தபால்காரர் தாணுமாலையன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துலயும் கையெழுத்துக் கடுதாசியாவே?" என்று கேட்டுவிட்டுப் போனார். நீ சொன்னது அத்தனையும் சரி. தப்பு என்னுடையது. ஆனால் ஒன்றை மட்டும் சொல்ல விடு.

போன டிசம்பர் வெள்ளத்தில் மூன்று நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது நீயும் நானும் முறை போட்டுச் சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு தொட்டியில் ஊற்றினோம். தண்ணீர் கலங்கினால்தான் அதில் காற்று ஏறும். உனக்குக் கை வீங்கிவிட்டது. மூன்றாம் நாள் விடியும்போது பதினொரு மீனும் செத்து மிதந்தன. அன்றிலிருந்து ஃபேன் நிற்கிற சத்தம் கேட்டாலே எனக்குக் கை நடுங்குகிறது. அன்றைக்கு எனக்குப் பிள்ளையும் தெரியவில்லை, நீயும் தெரியவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இப்போது இருக்கிற டிஸ்கஸ் மீன் ஜோடி குஞ்சு பொரித்திருக்கிறது. குஞ்சுகள் தாய் தகப்பன் மேலில் ஊறுகிற பசையைத் தின்றுதான் வளரும். தாமிரபரணித் தண்ணீரில்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கின்றன, உங்கள் ஊர் உப்புக் கிணற்றில் ஒரு நாள் தாங்காது.

சரி, கணக்கைப் பார். தொட்டி மோட்டார் இருபது வாட். காற்றுப் பம்பு எட்டு. பிள்ளையின் ஃபேன் எழுபது. இரண்டு லைட்டைச் சேர்த்தாலும் நூற்றைம்பதைத் தாண்டாது. இன்வெர்ட்டர் பேட்டரி செத்துவிட்டது, இரண்டு மணி நேரம்கூட நிற்கவில்லை. மாதப் பராமரிப்போ ஒன்பதிலிருந்து நான்கு வரை. அதனால் சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று பார்த்திருக்கிறேன். விக்கிரமசிங்கபுரத்தில் மகாராஜன் என்று, கங்கைகொண்டான் கம்பெனியில் என்னோடு ஷிப்ட் பார்க்கிறவன், அவன் வீட்டில் சும்மா கிடக்கிறது.

நீ சுல்தான் மாமாவின் மகள். மைக் செட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் பிறந்தவள். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. எதெதைக் கவனிக்கவேண்டும் என்று எழுது. நீ சொல்கிறபடியே செய்கிறேன்.

யஹ்யா


திசையன்விளை
11.9.2024

மச்சானுக்கு ஸலாம்.

கை நடுங்குகிறது என்று எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். அதை அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நான் பஸ் ஏறியிருக்கமாட்டேன். போகட்டும்.

ஜெனரேட்டரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள், எங்கள் கடைப்பையன் ஒருவனுக்குப் புருவமே போய்விட்டது. ஆயில் பார்க்காமல் ஓட்டாதீர்கள். வீட்டு லைனில் கொடுப்பதற்கு முன்னால் மெயின் சுவிட்சை இறக்கிவிடுங்கள். இறக்காமல் கொடுத்தால் உங்கள் கரண்ட் திரும்பிக் கம்பத்துக்குப் போகும், மேலே ஏறி வேலை பார்க்கிறவன் வீட்டில் இழவு விழும். எல்லாவற்றுக்கும் மேலே, மழைத்துளி படக்கூடாது. நனைந்த ஜெனரேட்டரைத் தொட்டவன் பிழைத்ததில்லை என்று வாப்பா சொல்வார்கள். ஈரக்கையோடு பக்கத்தில் போகாதீர்கள்.

இவ்வளவுதான். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஷம்ஸியா மீன்குஞ்சு எத்தனை என்று கேட்கச் சொன்னாள்.

ரைஹானத்


பேட்டை
23.9.2024

அன்பு ரைஹானத்துக்கு,

அல்ஹம்துலில்லாஹ், ஓடிவிட்டது! இருபத்தொன்றாம் தேதி லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது, மெயினை இறக்கினேன், கயிற்றை மூன்று இழுப்பு இழுத்தேன், பிடித்துக்கொண்டது. பின்வாசலில் முருங்கைக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஜன்னல் வழியாக வயர் இழுத்தேன். மோட்டார் ஓடியது. பிள்ளை இல்லாத அறையில் ஃபேனையும் ஓடவிட்டுப் பார்த்தேன். ஓடியது.

இரண்டு குறை. முதலாவது, பதினொரு மணிக்குத் தூற்றல் போட்டது. நீ எழுதியது மனதில் இருந்ததால் குடையைப் பிடித்துக்கொண்டு ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். அது நனையவில்லை, நான் நனைந்தேன். இரண்டாவது, பக்கத்து வீட்டுக் காந்திமதிநாதன் அண்ணாச்சி சுவருக்கு மேலே தலையை நீட்டிவிட்டார். "ஏம்வே, சித்ரலேகா பரீட்சைக்குப் படிக்கா. உம்ம மெஷினு எங்க வீட்டுக்குள்ள ஓடுத மாதிரிலா இருக்கு. இனி இங்கன வச்சா நான் சும்மா இருக்கமாட்டேன்" என்றார். அவர் மகளுக்கு ஜனவரியில் பரீட்சையாம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

குஞ்சு நாற்பதுக்கு மேல் இருக்கும், எண்ண முடியவில்லை என்று ஷம்ஸியாவிடம் சொல்.

யஹ்யா


திசையன்விளை
30.9.2024

மச்சானுக்கு ஸலாம்.

ஜெனரேட்டருக்குக் குடை பிடித்த கதையைப் படித்துவிட்டு உம்மாவும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கல்யாண மாப்பிள்ளைக்குப் பிடித்தாற்போல் பிடித்திருக்கிறீர்கள். நமக்குக் கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒரு நாள் பிடித்ததுண்டா?

விளையாட்டு இருக்கட்டும். ஐப்பசி வந்துவிட்டால் மழை விடாது. அதற்குள் அதற்கு ஓர் இடம் பாருங்கள். நனையவும் கூடாது, சத்தம் அண்ணாச்சி வீட்டுக்குப் போகவும் கூடாது. கொஞ்சம் மூளையைச் செலவழியுங்கள், தேய்ந்து போகாது.

ஷம்ஸியா உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

ரைஹானத்


பேட்டை
22.10.2024

அன்பு ரைஹானத்துக்கு,

நீ கேட்ட இடம் கிடைத்துவிட்டது. எங்கே என்று எழுதமாட்டேன், வந்து பார்த்து அசந்துபோ. பத்தொன்பதாம் தேதி காலையிலிருந்து மழை கொட்டித் தீர்த்தது. ஜெனரேட்டர் மேல் ஒரு சொட்டு விழவில்லை. சாயங்காலம் அண்ணாச்சியே கேட்கிறார், "என்னவே, இன்னைக்கு உம்ம மெஷினு ஓடலியா?" என்று. நான் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

எனக்குத்தான் அன்று உடம்பு சரியில்லை. மத்தியானத்துக்கு மேல் தலைவலி. ஒரு பக்கமாக இல்லை, தலையைச் சுற்றி இரும்பு வளையம் மாட்டினாற்போல. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். முந்தினநாள் கடைச் சால்னா வேலையைக் காட்டிவிட்டது என்று நினைக்கிறேன். மீன்களுக்கும் அன்றைக்கு ஏதோ நேரம் சரியில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஏழு குஞ்சு செத்துவிட்டது. பம்பு போதவில்லை. இன்னும் பெரிதாக ஒன்று வாங்கப்போகிறேன்.

நீ இல்லாத வீட்டில் தலைவலி வராமல் என்ன செய்யும் என்று சொல்லிக்கொண்டேன். எப்போது வருகிறாய்?

யஹ்யா


திசையன்விளை
28.10.2024

மச்சானுக்கு ஸலாம்.

கடையில் வாங்கித் தின்னாதீர்கள் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

ஒரு கேள்வி. பின்வாசலில் ஓடினால் அண்ணாச்சிக்குக் கேட்கும். முன்வாசலில் ஓடினால் தெருவுக்கே கேட்கும். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றால், ஜெனரேட்டர் எங்கே நிற்கிறது?

ஆச்சரியம் எல்லாம் எனக்கு வேண்டாம். மனது ஏனோ சரியில்லை. வாப்பாவிடம் கேட்கலாமென்றால் தூத்துக்குடியில் கல்யாண ஆர்டர் என்று நான்கு நாளாக வீட்டுக்கே வரவில்லை. ஒரே வரி போதும், எழுதிப் போடுங்கள்.

ரைஹானத்


திசையன்விளை
9.11.2024

மச்சானுக்கு ஸலாம்.

பன்னிரண்டு நாளாகிவிட்டது, பதில் இல்லை. தினமும் தபால் நேரத்தில் வாசலுக்கு வருவதைப் பார்த்து உம்மா கேலி செய்கிறார்கள். இரண்டு முறை போனைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். நான் போட்ட சட்டத்தை நானே உடைத்தால் நீங்கள் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவீர்கள்.

பதினாறாம் தேதி சனிக்கிழமை பராமரிப்பு நாள் என்று பேப்பரில் போட்டிருக்கிறான். அன்றைக்கு முதல் பஸ்ஸுக்கு நானும் பிள்ளையும் வருகிறோம். ஒன்பது மணிக்கு முன்னால் வந்துவிடுவோம். கரண்ட் போகட்டும். ஃபேனும் மோட்டாரும் சேர்ந்து ஓடுவதை என் கண்ணால் பார்க்கிறேன். பார்த்துவிட்டால் திரும்பிப்போக மாட்டேன்.

கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஜெனரேட்டர் எங்கே நிற்கிறது?

ரைஹானத்


பேட்டை
13.11.2024

அன்பு ரைஹானத்துக்கு,

வருகிறேன் என்று எழுதிவிட்டாய். அந்த வரியைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன், அன்று முழுக்க யாரிடமும் கோபப்படவில்லை.

கோபிக்காதே. எல்லாம் முடிந்தபிறகு எழுதலாம் என்று இருந்தேன். இனி ஒளித்துவைக்க என்ன இருக்கிறது? தொட்டி இருக்கும் அறைக்குப் பின்னால் சாமான் அறை இருக்கிறதே, அங்கேதான் நிற்கிறது. நீ சொன்ன இரண்டும் சரியாகிவிட்டது. மழையும் படாது, சத்தமும் போகாது. அதன் ஜன்னலைப் பலகையால் அடைத்து, பழைய மெத்தையை வைத்துக் கட்டிவிட்டேன். புதுப் பம்பையும் அங்கேயே பக்கத்தில் வைத்து, அங்கிருந்து குழாய் இழுத்துத் தொட்டிக்குக் காற்று கொடுத்திருக்கிறேன். சுவரெல்லாம் கரியாகி இருந்தது, வெள்ளையடித்துவிட்டேன். ஷம்ஸியாவின் கட்டிலைத் தொட்டி அறைக்கே மாற்றிவிட்டேன். படுத்துக்கொண்டே மீன் பார்க்கலாம், நேர் மேலே ஃபேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். அலுப்போ என்னவோ, தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டேன். பெட்ரோல் தீர்ந்து மெஷின் தானாக நின்றபிறகுதான் விழிப்பு வந்தது. எழுந்திருக்கவே கால் வரவில்லை. அந்தப் பாழாய்ப்போன தலைவலி வேறு. நீ வந்து ஒரு சுக்குக்காப்பி போட்டுத் தந்தால் சரியாகிவிடும்.

சனிக்கிழமைக்கு டேங்க் நிறைய ஊற்றி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை நடுவில் நிற்காது. முதல் பஸ் பிந்தினாலும் கவலைப்படாதே. நான் ஒன்பது மணிக்கே ஓட்டிவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

யஹ்யா


பேட்டை
4.1.2025

அன்பு ரைஹானத்துக்கு யஹ்யாவின் ஸலாம்.

கடிதம் கிடைத்தது. நீ சொன்னது அத்தனையும் சரி. தப்பு என்னுடையது.

சரி, கணக்கைப் பார். தொட்டி மோட்டார் இருபது வாட். காற்றுப் பம்பு எட்டு. பிள்ளையின் ஃபேன் எழுபது. இன்வெர்ட்டர் பேட்டரி செத்துவிட்டது. சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று பார்த்திருக்கிறேன். விக்கிரமசிங்கபுரத்தில் ஒருவனிடம் இருக்கிறது. பெயர் நாக்கில் நிற்கிறது, வரவில்லை. கங்கைகொண்டானில் என்னோடு வேலை பார்க்கிறவன்.

மீன்கள் நன்றாக இருக்கின்றன. குஞ்சு நாற்பதுக்கு மேல் இருக்கும். இங்கே வீட்டு வேலைக்கு ஒரு பெண் வந்துபோகிறாள், நல்ல மாதிரி. அவளோடு ஒரு சின்னப் பிள்ளையும் வருகிறது. நம் ஷம்ஸியா சாயல்.

சரி, கணக்கைப் பார். தொட்டி மோட்டார் இருபது வாட்.

மழை வரப்போகிறது. ஒன்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. நீ சுல்தான் மாமாவின் மகள், உனக்குத் தெரியும். ஜெனரேட்டரை எங்கே வைக்கவேண்டும்?

யஹ்யா


பேட்டை
9.1.2025

மச்சானுக்கு ஸலாம்.

மேலே போட்டிருக்கும் ஊரைப் பாருங்கள். நான் திசையன்விளையில் இல்லை, இங்கேதான் இருக்கிறேன். நீங்கள் கடைசியாக எழுதிய கடிதத்தை, "இத ரைஹானத்துக்குத் தபால்ல போட்டுருதியாம்மா?" என்று என் கையில்தான் கொடுத்தீர்கள். நான் வாங்கிக்கொண்டுபோய்ப் போட்டேன். அது திசையன்விளை போய், நேற்று வாப்பா அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பதில் வந்ததா என்று தினம் வாசலில் நிற்கிறீர்கள். அதனால் இதையும் தபாலில் போடுகிறேன். நாளை மறுநாள் தாணுமாலையன் கொண்டுவந்து உங்கள் கையில் தருவார்.

நடந்ததை நீங்கள் கேட்கிறபோதெல்லாம் சொல்கிறேன். இங்கே எழுதியும் வைக்கிறேன், எடுத்துப் படித்துக்கொள்ளலாம்.

நவம்பர் பதினாறாம் தேதி நாங்குநேரியில் மழையால் பஸ் நின்றுவிட்டது. வீட்டுக்கு வரும்போது மணி பதினொன்றேகால். வாசல் கதவைத் தொடும் முன்னாலேயே எனக்குக் கேட்டது. ஜெனரேட்டர் சத்தம் வெளியிலிருந்து வரவில்லை, சுவருக்குள்ளிருந்து வந்தது. அந்த நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஷம்ஸியாவைச் சித்ரலேகாவிடம் தள்ளிவிட்டுக் கத்தினேன். காந்திமதிநாதன் அண்ணாச்சி கடப்பாரையோடு ஓடிவந்து பின்கதவை உடைத்தார். "மூச்சப் பிடிச்சுக்கம்மா, உள்ள நிக்காத" என்று சொல்லிக்கொண்டே உங்களை முருங்கை மரத்தடிக்கு இழுத்துப்போட்டார். நாங்கள் உள்ளே நுழைந்தபோது நீங்கள் தொட்டிக்கு முன்னால் கிடந்தீர்கள், ஒரு கை கண்ணாடியைத் தொட்டபடி. புது விரிப்பு விரித்த கட்டிலுக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்டபடியே இரண்டும் சேர்ந்து ஓடின. மீன் ஒன்றுகூட உயிரோடு இல்லை, அத்தனையும் மிதந்தன.

உங்கள் பதிமூன்றாம் தேதிக் கடிதம் அன்று மத்தியானம்தான் திசையன்விளைக்கு வந்து சேர்ந்தது.

பெரியாஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தீர்கள். நன்றாகத்தான் வந்தீர்கள். சிரித்தீர்கள், பிள்ளையைத் தோளில் தூக்கினீர்கள். மூன்று வாரம் கழித்துத்தான் ஒவ்வொன்றாக மறக்க ஆரம்பித்தது. அந்தப் புகையில் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத விஷம் இருக்கிறது, அது இப்படிப் பிந்தியும் மூளையைத் தாக்கும் என்று டாக்டர் சொன்னார். பைய சரியாகலாம் என்றார். எப்போது என்று அவரும் சொல்லவில்லை.

தொட்டியில் இப்போது தண்ணீர் மட்டும்தான். குமிழி நின்றால் நீங்கள் நடுங்குகிறீர்கள், அதனால் பம்பை ஓடவிட்டிருக்கிறேன்.

மச்சான், எதெதைக் கவனிக்கவேண்டும் என்று செப்டம்பரில் என்னிடம் கேட்டீர்கள். எனக்குப் புருவம் போன பையன் ஞாபகம் வந்தது, கம்பத்தில் ஏறுகிறவன் ஞாபகம் வந்தது, மழை ஞாபகம் வந்தது. "மாட்டக் கட்டுத மாதிரி அத வெளியதான் கட்டணும், அது மூச்சு விடுத சாமான்லா" என்று வாப்பா கடைப்பையன்களிடம் சொல்வதை நான் நடக்கப் பழகும் முன்னாலேயே கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை, சோற்றை வாயில் வை என்று யாரும் சொல்லிக்கொடுக்காததுபோல. அதனால் எழுதவில்லை. மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும் என்று எழுதினேன். இடம் பாருங்கள், நனையக் கூடாது, சத்தம் போகக் கூடாது என்று எழுதியதும் நான்தான். எங்கே நிற்கிறது என்ற கேள்வி மனதில் வந்த பிறகாவது போனை எடுத்திருக்கலாம். என் ரோசம் எடுக்கவிடவில்லை. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். நீங்கள் மன்னித்தாலும் அடுத்த நாள் உங்களுக்கு நினைவிருக்காது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பதினெட்டாம் தேதி மறுபடியும் பராமரிப்பு நாள். பயப்படாதீர்கள், குமிழி நிற்காது. வாப்பா தன் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து மதிலுக்கு அந்தப் பக்கம், அண்ணாச்சி வீட்டுக் காலிமனையில் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த இடத்தை அண்ணாச்சியே காட்டினார். "சத்தம் கேட்டாத்தாம்மா எனக்கு நிம்மதி" என்கிறார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். நாளைக்கும் கேளுங்கள், எத்தனை முறை கேட்டாலும் எழுதுகிறேன். வெளியே, மச்சான். நனைந்தால் நனையட்டும்.

ரைஹானத்